ஐந்து விநாடிக்கு ஒரு கோடு

எண்பதுகளின் நடுவில் ஓராண்டு, புதன்கிழமை மதியங்களில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில், மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் நீதிமன்றச் செய்தி எழுதியவள் நான். சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த எங்கள் நாளிதழின் கிளை அலுவலகம் அந்த ஆண்டு அரைநாள் அலுவலகமாகச் சுருங்கியது. மதியங்கள் காலியாயின. தமிழ்ச் சுருக்கெழுத்து தெரிந்த, ஆங்கிலத்திலும் எழுதக்கூடிய ஒரு பெண் தேவை என்று மருத்துவமனையிலிருந்து கேட்டு வந்தபோது சரி என்றேன்.

கேட்டவர் ஒரு மனநல மருத்துவர். சீனப் பெண்மணி, ஐம்பதை நெருங்கியவர், தணிந்த குரலில் பேசுபவர். மருத்துவமனையின் பிசியோக்களுக்கும் வார்டுத் தாதியருக்கும் அவர் ஒரு பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். முதல் நாள் எனக்கு அதை இப்படி விளக்கினார்: "என்னிடம் வர மக்கள் வெட்கப்படுகிறார்கள். முழங்காலைப் பிடித்துவிடுகிறவரிடம் வெட்கமில்லாமல் வருகிறார்கள். அவரிடம்தான் உண்மையைச் சொல்வார்கள். அதைக் கேட்க அவருக்குப் பழக்கம் வேண்டும்."

அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் நோயாளியிடம் தமிழ் பிசியோ என்ன பேசுகிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். முதலில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பார்த்தார்களாம். அதைப் பார்த்ததும் நோயாளிகள் வானொலியில் வாழ்த்துச் சொல்வதுபோலப் பேசினார்களாம். அதனால் நான். நோயாளியின் சம்மதம் வாங்கிக்கொண்டு, பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. அடுத்த நாள் காலை ஆங்கிலத்தில் பெயர்த்து, மதிய வகுப்பில் யாருடையது என்று சொல்லாமல் வாசிக்க வேண்டும். இன்னொன்றும் கேட்டார். பேச்சு நின்றால் அதையும் எழுத வேண்டும்: ஐந்து விநாடி மௌனத்துக்கு ஒரு கிடைக்கோடு. சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. நீதிமன்றத்தில் மௌனத்தை யாரும் எழுதச் சொன்னதில்லை.

அந்த அறையை இப்போது நினைத்தால் நீருக்கடியில் பார்த்ததுபோலத்தான் வருகிறது. பச்சைத் திரைகள், அவற்றுக்குக் கீழே தெரியும் கட்டில் கால்கள், மின்விசிறியின் காற்றில் திரைகள் மெல்ல உப்பி அடங்குவது. ஒரு மூலையில் மெழுகுத் தொட்டி. உருகிய மெழுகில் கையைத் தோய்த்தெடுத்தவர்கள் வெள்ளைக் கையுறை போட்டதுபோல, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருப்பார்கள். சூடு கொடுக்கும் இயந்திரம் ஒரே சுருதியில் முனகும். வெளியே அங்சானா மரம். பூக்கும் நாளில் சன்னலோரம் முழுவதும் மஞ்சள் தூள். மூன்று மணிக்கு மேல் அங்கே யாரும் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கிடைத்த பிசியோ, யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கே மலாய் நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நாற்பத்தெட்டு வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கைவரை மடித்த கை. அவருடைய விரல்கள் அபாரமானவை. முதுகில் இரண்டு இடம் அழுத்திவிட்டு, எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறீர்கள் என்று சொல்லிவிடுவார். பயிற்சியை அவர் மதிக்கவில்லை. மேலிடம் அனுப்பியதால் வந்திருந்தார்.

"தங்கச்சி, நான் இருபத்தஞ்சு வருஷமா பேஷண்டோட பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். பேசக் கத்துக்கொடுக்கிறாங்களாம் எனக்கு" என்றார் முதல் புதன்கிழமை. "எழுதுங்க, எழுதுங்க. இதையும் எழுதிக்குங்க."

"நோயாளி வந்த பிறகுதான் சார் எழுதணும்."

"அப்ப நான் இப்ப ஃப்ரீயா பேசலாம்."

பயிற்சிக்காக அவர் தெரிந்தெடுத்த நோயாளி, பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பெண். முப்பத்திரண்டு வயது. டத்தோ கிராமாட்டில் கணவன் வீட்டாரோடு இருந்தாள். மழை நாளில் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கியதில் வலது தோள் பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. ஆனால் மூன்று மாதமாகியும் கை மார்பு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. அவள் வேலையோ, தட்டுகளை எடுத்துத் தலைக்கு மேலிருக்கும் அடுக்கில் வைப்பது. தொழிற்சாலை ஒரு கடிதம் கொடுத்திருந்தது. ஆறு வாரத்துக்குள் கை தலைக்கு மேல் எழும்புகிறது என்று பிசியோ படிவத்தில் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் வேலைக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்வார்கள். அந்தக் கடிதத்தை நான்காக மடித்து, ஒவ்வொரு முறையும் கைப்பையில் கொண்டுவருவாள். யாரும் கேட்கவில்லை என்றாலும் எடுத்துக் காட்டுவாள்.

அவள் வருவதற்கு முன் பிசியோ என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது எம்.சி. கேஸ், தங்கச்சி. லீவுக்கு வர்றது. பாத்தாலே தெரியும். கையில ஒன்னுமே இல்ல."

அவர் தந்த பயிற்சி எளியது. சுவருக்கு எதிரே நின்று, விரல்களைச் சிலந்தி நடப்பதுபோல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் அவர் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். வீட்டிலும் ஒரு நாளைக்கு மூன்று முறை செய்யச் சொல்லியிருந்தார்.

அன்று நான் எழுதியதில் ஒரு பகுதி இது.

"வாங்க வாங்க. சாப்பிட்டாச்சா? கை எப்படி இருக்கு? பரவால்லதானே? வீட்டுல செய்றீங்கதானே?"

"ஆமாண்ணே."

"செய்யணும். செய்யாட்டி எப்படி? இப்ப ஏத்துங்க. வலிக்குதா? வலிக்காது. லைட்டா இழுக்கும், அவ்வளவுதான். தாப்பா, தாப்பா. இன்னும் கொஞ்சம். ஏன் நிறுத்திட்டீங்க? பயமா? பயப்பட என்னா இருக்கு? எக்ஸ்ரே எல்லாம் கிளீன்."

"இல்லண்ணே."

"அப்புறம் என்னா? வேலைக்குப் போகணும்லா?"

"போகணும்ணே."

'தாப்பா' அவர் வாயில் எப்போதும் இருக்கும் மலாய்ச் சொல். பரவாயில்லை, ஒன்றும் ஆகாது என்று பொருள். இருபது நிமிடத்தில் நான் ஏழு பக்கம் எழுதினேன். அவளுடைய பேச்சு எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம்கூட வரவில்லை. மௌனக் கோடு ஒன்றுகூட இல்லை. சுவரில் பென்சில் கோடு போன வாரம் இருந்த அதே இடத்தில் விழுந்தது.

மறுநாள் வகுப்பில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர் இருவர். நான் ஆங்கிலத்தில் வாசித்தேன், செய்தி வாசிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல். மருத்துவர் அப்படித்தான் வாசிக்கச் சொல்லியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் பிசியோ சிரிக்கத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் பக்கத்திலிருந்த தாதியின் தோளைத் தட்டினார்.

"யாரப்பா இந்த ஆளு?" என்றார் ஆங்கிலத்தில். "கேள்வியும் அவனே, பதிலும் அவனே. பாவம் அந்த அம்மா. எதுக்கு வந்தாங்க, இவன் பேசுறத வேடிக்கை பார்க்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரோடு வேலை செய்தவர்கள். தாதி தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் காத்திருந்தார். அவருக்கு அது நன்றாக வரும்.

தமிழில் கேட்டிருந்தால் முதல் வரியிலேயே தன்னை அடையாளம் கண்டிருப்பார் பிசியோ. அவருடைய வாங்க போங்க, அந்த இழுவை, சாப்பிட்டாச்சா என்ற அக்கறை எல்லாம் ஆங்கிலத்தில் கரைந்துபோய், சொன்ன விஷயம் மட்டும் எலும்பாக நின்றது. நான் வேண்டுமென்று செய்ததல்ல. தெரிந்த ஆங்கிலத்தில் நேராகப் பெயர்த்தேன், அவ்வளவுதான்.

"படியுங்கள்" என்றார் மருத்துவர். படித்தேன். எக்ஸ்ரே வரி வந்தபோது பிசியோவின் சிரிப்பு நின்றது. பிறகு முடியும்வரை மடித்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு கலைந்து நான் படியிறங்கும்போது பின்னால் வந்தார்.

"தங்கச்சி. நான் அப்படியா பேசுறேன்?"

"நீங்க சொன்னதத்தான் சார் எழுதினேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

இரண்டு படி இறங்கி நின்றார். "அவங்க கிட்டத்தட்ட ஒன்னுமே சொல்லல, இல்ல?"

"ஆமாண்ணேன்னு நெறய தடவ சொன்னாங்க."

"நக்கல் பண்றீங்க."

"இல்ல சார். நெறய தடவதான்."

அடுத்த புதன்கிழமை மதியமே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. மெழுகுத் தொட்டியருகே ஒரு முதியவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். அந்தப் பெண் குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, நேரே சுவரிடம் போய் நின்றாள். பிசியோ அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். தானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். வகுப்பில் மருத்துவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் பழக்கியிருந்தார். தொடுவதற்கு முன் அதைக் கேட்க வேண்டும். கேட்டபின் வாயைத் திறக்கக் கூடாது. பிசியோ அதைப் பரீட்சையில் ஒப்பிப்பதுபோலக் கேட்டார்.

"கைய மேல தூக்கினா என்னா ஆகும்னு நெனைக்கிறீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரை. பிறகு கைப்பையைத் திறந்து கடிதத்தைத் தேடத் தொடங்கினாள்.

"கடிதம் வேணாம்" என்றார். மேலும் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டார்.

நான் ஒரு கோடு போட்டேன். இரண்டாவது கோடு. துத்தநாகக் கூரையில் மழை கனத்து, மெலிந்து, மறுபடி கனத்தது. திரைக்குப் பின்னால் யாரோ புரண்டு படுத்தார்கள். அவருடைய கட்டைவிரல் மறு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பேசாமல் இருப்பது அவருக்கு உடம்பு வேலையாக இருந்தது. ஐந்தாவது கோடு. இயந்திரத்தின் நேரம் முடிந்து மணி அடித்தது. யாரும் போய் நிறுத்தவில்லை. தானே நின்றது. அந்த அமைதியில் எனக்கு, நான் எழுத வந்தவள் என்பதும், கையில் பென்சில் இருப்பதும் தூரத்தில் எங்கோ நடப்பதாகத் தோன்றியது. ஆனாலும் கண் கடிகாரத்தை விடவில்லை. பதினோராவது கோட்டில் அவள் பேசினாள்.

"கிழிஞ்சிடும்ணே."

"எது?"

"உள்ளுக்கு. அம்மாவுக்குக் கிழிஞ்சிச்சு."

அவள் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தாய் பால்மரம் சீவியவர். பால் வாளியோடு சரிவில் விழுந்து தோள் பிடித்துக்கொண்டபோது, தோட்டத்து டிரெசர், அதாவது தோட்ட மருந்தகத்தில் கட்டுப் போடுகிறவர், ஒன்றுமில்லை, தூக்கு என்று கையைப் பிடித்து மேலே இழுத்தார். அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"டப்புன்னு சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அம்மா அந்தக் கையத் தூக்கவே இல்ல. ஒம்போது வயசுலேருந்து நான்தான் தல சீவி விடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும் சத்தம் கேக்குதுண்ணே. இந்தச் சொவத்துல ஏத்தும்போது. கரக் கரக்குன்னு. நீங்க ஒன்னுமில்லன்னுதான் சொல்றீங்க. அந்த டிரெசரும் அப்படித்தான் சொன்னாரு."

"வீட்டுல செய்றீங்களா?"

"இல்ல."

"போன வாரம் செய்றேன்னு சொன்னீங்க."

"செய்றீங்கதானேன்னு கேட்டா, வேற என்னா சொல்றது?"

அவர் வாயைத் திறந்தார். தாப்பா வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. முகம் சற்றுச் சிவந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, பென்சில வச்சிட்டு இங்க வாங்க."

அவள் முன்னால் என்னை உட்காரவைத்து, அவளுடைய இடது உள்ளங்கையை என் வலது தோள்மேல் வைக்கச் சொன்னார். என் கையை மெல்லச் சுற்றச் சொன்னார். ஒன்பது வருடம் குனிந்து எழுதிய தோள். மணலில் செருப்பு தேய்வதுபோல நறநறத்தது. அவள் கையை எடுத்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, வலிக்கலயா?"

"இல்ல. சத்தம் மட்டும்தான்."

"கிழிஞ்சா எப்படி இருக்கும், இது எப்படி இருக்கும்னு நான் சொல்லவே இல்லதானே ஒங்ககிட்ட" என்றார் அவர். "என் தப்பு." பிறகு சொன்னார், படமும் வரைந்தார்: தசைநார் எங்கே ஓடுகிறது, பல நாள் அசையாத மூட்டு ஏன் சத்தம் போடுகிறது, அவளுடைய தோளில் எதுவும் கிழியவில்லை என்று எப்படித் தெரியும். அவளுடைய தாயின் தோளில் என்ன நடந்திருக்கும் என்றும் சொன்னார். அது ஒன்றுமில்லாத விஷயம் என்று சொல்லவில்லை. பென்சில் என் கையில் இல்லாததால் இது எதுவும் குறிப்பில் இல்லை. மறுநாள் வகுப்பில், இந்த இடத்தில் எழுதுபவர் எழுந்து போனார் என்று மட்டும் வாசித்தேன். முன்னாலிருந்த பதினொரு கோடுகளை மருத்துவர் தாளை வாங்கி எண்ணிப் பார்த்தார். அவற்றை மட்டும் நான் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. சுவரில் பென்சில் கோடுகள் ஒரு விரல் அகலம் ஏறின. ஒரு வாரம் இரண்டு விரல். நான்காவது வாரம், துணி காயப்போட்ட இரவு வலித்தது என்று பயந்து வந்தாள். கோடு கீழே இறங்கியது. பிசியோ "ஒன்னும்..." என்று தொடங்கி, பாதியில் விட்டு, எந்த இடத்தில் எப்படி வலித்தது என்று கேட்டார். பழைய பழக்கம் மதியத்தில் மூன்று நான்கு முறை எட்டிப் பார்க்கும். வகுப்பில் அதையும் வாசித்தேன். இப்போது தானே முதலில் கையைத் தூக்கி, "நான்தான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆறாவது வாரம் கை நெற்றி உயரத்துக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. படிவத்தை மேசையில் விரித்து வைத்தார்கள். கை தலைக்கு மேல் எழும்புகிறதா? ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள். வேறு எதுவும் எழுத இடமில்லை.

அவர் பேனாவை மூடியபடியே வைத்திருந்தார். ஆம் என்று குறித்துவிட அவருக்கு ஆசை இருந்தது; இன்னும் மூன்று வாரத்தில் அது உண்மையாகிவிடும் என்று அன்று அவள் வருவதற்கு முன்புதான் என்னிடம் சொல்லியிருந்தார். முன்பென்றால் அவளைக் கேட்காமலே குறித்திருப்பார், அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து.

"என்னா எழுதட்டும்?" என்றார்.

அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி இரண்டு கட்டங்களையும் பார்த்தாள். அவரும் அவசரப்படவில்லை.

"இல்லன்னு எழுதுங்கண்ணே. ஆமான்னு எழுதினா திங்கக்கிழம போயி தூக்கணும்லா. தூக்க முடியாட்டி பொய்க்காரின்னு சொல்லுவாங்க." பிறகு, "வேல போயிடுமா?" என்றாள்.

"போகலாம். தெரியல."

நான் பார்த்த ஆறு வாரத்தில் அவர் அவளிடம் தெரியல என்று சொன்னது அதுதான் முதல் முறை. இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்: எந்த உயரம்வரை, என்ன எடை, எவ்வளவு நேரம், எதைச் செய்ய இப்போது பயமில்லை, எதற்கு இன்னும் பயம். உட்கார்ந்து செய்யும் வேலை முடியுமா என்று கேட்டார். நுண்ணோக்கியில் பார்த்துச் சரிபார்க்கும் வேலை முன்பு இரண்டு வருடம் செய்ததாக அவள் சொன்னாள். மூன்று மாதமாக வந்துபோகிறாள், அதை யாரும் கேட்டிருக்கவில்லை. நான் தட்டச்சு செய்தேன். மருத்துவரும் கையெழுத்திட்டார்.

பதில் வர பத்து நாள் ஆயிற்று. நடுவில் ஒரு புதன்கிழமை அவள் வந்தாள். அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சுவரில் கோடு கண்புருவத்துக்கு இறங்கி நின்றது. அடுத்த முறை புதிய உறையோடு வந்தாள். பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றம், காலை ஷிப்ட். வேலை போகவில்லை.

பிசியோவின் முகம் மலர்ந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவள் சந்தோஷமாகத் தெரியவில்லை.

"என்னா?"

"ஒன்னுமில்லண்ணே. எங்க லைன்ல ஏழு பேரு. ஒன்னாத்தான் பஸ் ஏறுவோம், ஒன்னாத்தான் சாப்பிடுவோம். அவங்க எல்லாம் மத்தியான ஷிப்ட்." உறையைத் தடவிக்கொண்டிருந்தாள். "புது எடத்துல யாரையும் தெரியாது."

அவர் தலையை மட்டும் அசைத்தார். மாற்றம் நல்லதுதான் என்றோ, பழகிவிடும் என்றோ சொல்லவில்லை. திரைகள் உப்பி அடங்கின. சன்னலுக்கு வெளியே மஞ்சள் பூ உதிர்ந்துகொண்டிருந்தது, யாரோ மேலேயிருந்து சிறிது சிறிதாகக் கிள்ளிப் போடுவதுபோல.

"அப்ப நான் இனிமே வர வேணாமா?" என்று கேட்டாள்.

"படிவம் முடிஞ்சிடுச்சு. வரணும்னு கட்டாயம் இல்ல. நீங்க என்னா நெனைக்கிறீங்க?"

அவள் எழுந்து சுவரிடம் போனாள். யாரும் சொல்லாமலே விரல்களை ஏற்றினாள். தோள் நறநறத்தது எனக்கே கேட்டது. நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஏற்றி, அங்கேயே வைத்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னாள்.

"காலை ஷிப்ட் மூணு மணிக்கு முடியுது. நான் மூணரைக்கு வரேண்ணே."